ஓசை உரைக்கும் உண்மை

சந்தையில் மண்பானை வாங்கச் செல்லும் மூதாட்டி பானையின் நிறத்தைக் கண்டு விலை பேசுவதில்லை. அதை ஒரு கையில் தூக்கி, மறுகையின் விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறாள். 'ணங்' என்று ஓசை எழுந்தால் எடுத்துக்கொள்கிறாள். ஓசை அடைபட்டு ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ உண்டென்று உணர்ந்து கீழே வைத்துவிடுகிறாள். தேங்காயைக் காதருகே கொண்டுசென்று ஆட்டிப் பார்ப்பதும் அவ்வாறே. கண் காணாததைக் காது கண்டுவிடும் என்பது நம் முன்னோர் வாழ்வில் பட்டறிந்த பாடமாகும்.

மருத்துவ உலகிலும் இப்பாடம் பயின்றிருக்கிறது. ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் லியோபோல்டு ஆவன்புருகர் நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளிருக்கும் நோயை அறியும் முறையை 1761ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் விடுதி நடத்தியவரின் மைந்தர். பீப்பாயைத் தட்டி அதில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அறியும் வழக்கமே அவருக்கு வழிகாட்டியது என்பர். 1816இல் பிரான்சு நாட்டு மருத்துவர் லென்னெக் தாளைக் குழலாகச் சுருட்டி, ஒருமுனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்டார். இன்று மருத்துவர்தம் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப் அவ்வாறு பிறந்ததே.

உயிருள்ள உடலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை உயிரற்ற எந்திரத்திற்கும் பொருந்தும். பழைய வண்டி ஒன்று நடுங்குகிறது; முனகுகிறது; தடதடக்கிறது. அது வெறும் இரைச்சலன்று, வாக்குமூலம். அதைப் பொறுமையோடு கேட்பவன் காரணத்தைக் காண்கிறான். கேளாதவன் பொருளை இழக்கிறான்; சிலபோது நல்ல மனிதர்களையும் இழக்கிறான். இதனை நான் நேரில் கண்டுணர்ந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. தமிழ் பயிற்றும் எனக்கும் எந்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று வியப்போர் இக்கட்டுரையை முழுமையும் படிக்க வேண்டுகிறேன்.

மலையடிவாரமும் ஜீப்பும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு ஜீப் என்பது வெறும் வாகனமன்று. பிழைப்பின் ஒரு பகுதி. பொழுது புலருமுன்பே ஜீப்புகள் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் மலையேறும். அந்தி சாயும் வேளையில் அவர்களை வீடு சேர்க்கும். பெரும்பாலும் பெண்கள். தூக்குவாளியில் மதியச் சோறும், தலையில் குளிருக்குக் கட்டிய துண்டுமாக அவர்கள் நெருக்கியமர்ந்து செல்லும் காட்சி நம் பகுதியினர்க்குப் பழகிய ஒன்று.

இந்த வண்டியின் வரலாறும் சுவையானது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைகளுக்காக வில்லிஸ் நிறுவனம் உருவாக்கிய வண்டி இது. 1945இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முஹம்மதும் இணைந்து 'மஹிந்திரா அண்டு முஹம்மது' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். நாட்டுப் பிரிவினைக்குப்பின் குலாம் முஹம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனம் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' எனப் பெயர் மாறியது. 1947இல் இந்நிறுவனத்தின் வழியாக இந்தியாவில் பூட்டப்படத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழித்தோன்றல்களே நம் மலைப்பாதைகளில் ஏறியிறங்கிய வண்டிகள்.

ஜீப்பின் அமைப்பில் ஒன்றை மட்டும் ஈண்டு விளக்குவது தேவை. இன்ஜின் முன்னே இருக்கிறது. அதன் ஆற்றல் கியர் பெட்டியைக் கடந்து, முன்பின் சக்கரங்களுக்கு ஆற்றலைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து பின் அச்சுக்குச் செல்ல ஒரு நீண்ட இரும்புக் குழல் சுழல்கிறது. அதுவே புரொப்பெல்லர் ஷாஃப்ட். பள்ளம் மேடுகளில் பின் அச்சு மேலும் கீழும் ஆடுமாதலால், இக்குழலின் இரு முனைகளிலும் மடங்கிச் சுழலும் மூட்டுகள் உண்டு. பட்டறையில் இவற்றை யூ.ஜே. கிராஸ் என்பர். குழல் நீளவும் குறுகவும் வேண்டுமாதலால் அதில் பல்வரிசையுடைய உறை ஒன்று முன்னும் பின்னும் வழுக்கி நகரும்வண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். இவ்வமைப்பை மனத்திற் கொண்டால் மேல் வருவன எளிதில் விளங்கும்.

நடுங்கியது வண்டியா, நட்பா?

2003ஆம் ஆண்டில் என் மைத்துனர் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். அது 1990ஆம் ஆண்டு வண்டி. விற்றவர் வெளியார் அல்லர். என் மாமனாருடைய நெடுநாளைய நண்பர். கம்பம்மெட்டுக்கு அப்பால் சிறிய ஏலத்தோட்டம் வைத்திருந்த அப்பெரியவர் முதுமையால் மலையேறுவதைக் குறைத்துக்கொண்டு, "வண்டி நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்" என்று கூறி, சந்தை விலையினும் குறைவாகவே கொடுத்தார். தொழிலாளரை ஏற்றிச் செல்லும் தொழிலைத் தொடங்குவது மைத்துனரின் எண்ணம். அதற்காக அவர் மனைவியின் நகைகளையும் அடகு வைத்திருந்தார்.

இரு வாரங்கள் வண்டி நன்றாக ஓடியது. கிளட்ச் தேய்ந்திருந்ததால் அதனை ஒரு பட்டறையில் கொடுத்துப் புதிய பிளேட் மாற்றினார். அதன் பின்னர்த்தான் தொல்லை தொடங்கிற்று. மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கியவுடன் வண்டியின் தரைத்தகடு ரீங்கரிக்கும். 50ஐ எட்டினால் இருக்கையில் அமர்ந்திருப்போரின் உடல் முழுவதும் அதிரும். கண்ணாடியில் தெரியும் உருவங்கள் கலங்கும்.

பட்டறையினர் முதலில் சக்கரங்களைக் குறை கூறினர், வீல் பேலன்சிங் செய்யப்பட்டது, நடுக்கம் நீங்கவில்லை. அடுத்து இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்களை மாற்றினர், அப்போதும் நீங்கவில்லை. மூன்றாம் முறை சென்றபோது, "இன்ஜினையே இறக்கிப் பார்க்கணும். கிராங்க் ஷாஃப்ட்டில் கோளாறு இருக்கும். 40 ஆயிரம் ஆகும். விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது, மறைத்துத்தான் தள்ளிவிட்டிருக்கார்" என்று கூறிவிட்டனர்.

பணச்செலவைக் குறித்த சொல் ஒரு புறம் இருக்க, இறுதியில் கூறப்பட்ட அச்சொல்தான் நஞ்சாக இறங்கிற்று. மைத்துனர் அப்பெரியவரிடம் நேரே சென்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் பேச்சு நின்றது. பெருநாளன்று அவ்வீட்டிலிருந்து வந்த பலகாரத் தட்டு திருப்பி நிரப்பப்படாமல் சென்றது. நாற்பது ஆண்டுக் காலம் ஒரு வீடு போல வாழ்ந்த இரு குடும்பங்களின் இடையே ஒரு சுவர் எழுந்தது. இவ்வழக்கை ஜமாஅத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று உறவினர் சிலர் தூண்டவும் தொடங்கினர்.

அவ்வேளையில் என் மாமனார் ஒன்றே ஒன்று சொன்னார்: "வண்டியை முதல்ல சரியான ஆளிடம் காட்டுங்க. பிறகு மனுசனைப் பேசலாம்." அவர் சுட்டியது வேலையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டிலிருந்த ஒரு முதிய மெக்கானிக்கை. ஜீப்புகளோடு ஐம்பதாண்டுகள் வாழ்ந்தவர் அவர். மைத்துனரோடு நானும் சென்றேன்.

முதியவரின் வினாக்கள்

அவர் வண்டியைத் தொடவில்லை. திண்ணையில் அமரச் செய்து தேநீர் கொடுத்துவிட்டு வினவத் தொடங்கினார். அவ்வினாக்களின் ஒழுங்கை இன்றும் வியந்து நினைக்கிறேன்.

"எப்ப இருந்து தம்பி ஆடுது?" என்பது முதல் வினா. கிளட்ச் மாற்றிய மறுநாள் முதல் என்றார் மைத்துனர். முதியவர் தலையசைத்தார், கருத்தேதும் கூறவில்லை.

"வண்டியை நிறுத்தி வச்சு, ஆக்சிலேட்டரை அழுத்தினா ஆடுதா?" இல்லை. அப்படியாயின் இன்ஜின் தானே சுழலும்போது குறையில்லை என்று பொருள். கிராங்க் ஷாஃப்டிலோ மவுண்டிங்கிலோ கோளாறு இருந்தால், வண்டி நின்ற நிலையிலும் இன்ஜினின் அவ்வேகத்தில் நடுக்கம் தோன்றியாக வேண்டும்.

"அதே 50ல மூணாவது கியர்ல போனாலும், டாப் கியர்ல போனாலும் வித்தியாசம் இருக்கா?" இல்லை. கியர் மாறும்போது இன்ஜினின் சுழற்சி வேகம் மாறுகிறது; சாலையில் வண்டி செல்லும் வேகம் மாறவில்லை. நடுக்கமும் மாறவில்லையெனின் அது இன்ஜினைச் சாராது. வண்டியின் ஓட்டத்தையே சார்ந்தது.

"ஸ்டீயரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?" சீட்டும் தரையும்தான், ஸ்டீயரிங்கில் ஒன்றுமில்லை. முன்சக்கரங்கள் சமநிலை தவறினால் ஓட்டுபவரின் கைதான் முதலில் உணரும். இருக்கையில் உணர்ந்தால் குறை நடுவிலோ பின்னிலோ இருக்கக்கூடும்.

இறுதி வினாதான் எங்களை வியப்பில் ஆழ்த்தியது: "ஆள் ஏத்திக்கிட்டுப் போனா கூடுதா, குறையுதா?" மைத்துனர் சற்றே சிந்தித்து, "குறையுது பாய். வெறும் வண்டியிலதான் அதிகம்" என்றார். முதியவர் முகத்தில் புன்னகை மலர்ந்தது. ஆட்கள் ஏறினால் பின்புற வில்பட்டைகள் அமுங்கும். உடல் தாழும், பின் அச்சோடு அதன் இடைவெளி குறையும், எனவே சரிந்திருக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சரிவும் குறையும். சரிவு குறைய நடுக்கமும் குறைகிறதென்றால், நடுக்கத்தின் பிறப்பிடம் எதுவாக இருக்கும் என்பதை இனி நான் கூறவும் வேண்டுமோ?

இவ்வளவும் திண்ணையில் அமர்ந்தபடியே நிகழ்ந்தது. ஒரு திருகுகூடக் கழற்றப்படவில்லை. ஒரு காசும் செலவாகவில்லை. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில், நோய் இன்னதென அறிந்து, பின் அதன் காரணத்தை அறிந்து, பின் தணிக்கும் வழியை அறிந்து, அதன் பின்னரே செயலிற் புகுமாறு வரிசைப்படுத்திக் கூறுகிறார். வகுப்பறையில் பன்முறை அதனைப் பாடம் சொல்லியிருக்கிறேன். பட்டறைத் திண்ணையில் அதன் பொருளை அன்றுதான் கண்ணாரக் கண்டேன்.

சோதனையும் காரணமும்

எனினும் முதியவர் தம் ஊகத்தை முடிவாகக் கொள்ளவில்லை. சமவெளிச் சாலையில், போக்குவரத்து இல்லாத நேரத்தில், வண்டியை ஓட்டச் செய்து தாமும் உடன் அமர்ந்தார். 50இல் செல்லும்போது ஒருகணம் நியூட்ரலில் தள்ளச் சொன்னார். இன்ஜின் ஓசை தணிந்தது, நடுக்கம் தணியவில்லை. (இச்சோதனையை மலையிறக்கத்தில் ஒருபோதும் செய்யலாகாது என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.)

அடுத்து அவர் செய்ததுதான் உறுதியான சோதனை. சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, பின்புற ஷாஃப்டை முழுமையாகக் கழற்றிவைத்தார். நான்கு சக்கரங்களாலும் இயங்கும் ஜீப்பாகையால், முன் அச்சுக்கு ஆற்றலைச் செலுத்தி முன்சக்கரங்களால் மட்டும் வண்டியை ஓட்டச் செய்தார். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அமைதியாகச் சென்றது. அதே சக்கரங்கள், அதே இன்ஜின், அதே சாலை. இல்லாதது அந்த ஷாஃப்ட் ஒன்றுதான். குற்றவாளி யார் என்பதில் இனி ஐயமில்லை.

கழற்றிய ஷாஃப்டின் மீதிருந்த சேற்றையும் கிரீசையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். குழலின்மீது ஓர் அம்புக்குறியும், வழுக்கி நகரும் உறையின்மீது மற்றோர் அம்புக்குறியும் தெரிந்தன. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நேராக இருத்தல் வேண்டும். இங்கே அவை கால்வட்டம் விலகி நின்றன. கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர் பெட்டியை இறக்கியபோது ஷாஃப்டையும் கழற்றியிருக்கின்றனர். உறை பிரிந்து வந்திருக்கிறது. திரும்பப் பூட்டியவர் குறியைப் பாராமல் ஏதோ ஒரு பல்வரிசையில் சொருகிவிட்டார். அவ்வளவே!

இச்சிறு பிறழ்ச்சி இத்துணைப் பெரிய நடுக்கத்தை விளைவிக்குமோ என்று எனக்கு ஐயம் எழுந்தது. கல்லூரிக்கு வந்ததும் இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டேன். அவர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார்.

இந்த மூட்டுக்கு ஹூக் மூட்டு என்றும் கார்டன் மூட்டு என்றும் பெயருண்டு. ஆங்கில அறிவியலறிஞர் ராபர்ட் ஹூக் (1635-1703), இத்தாலிய அறிஞர் கார்டானோ (1501-1576) ஆகியோரின் பெயர்களால் அமைந்தவை அவை. இம்மூட்டுக்கு இயல்பாகவே ஒரு குறையுண்டு. ஒருபுறம் ஒரே சீராகச் சுழற்றினாலும், மூட்டு மடங்கியிருக்கும்போது மறுபுறம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தியும் இருமுறை பிந்தியும் சுழலும். 15 பாகைச் சரிவில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 3.5 விழுக்காடு கூடியும் அதே அளவு குறைந்தும் அமையும். ஆதலால்தான் இரு முனைகளிலும் மூட்டு வைக்கின்றனர். முதல் மூட்டு முந்தும்போது இரண்டாம் மூட்டு பிந்துமாறு அவற்றை நேர்ப்படுத்திவிட்டால், ஒன்றன் குறையை மற்றொன்று போக்கிவிடும். அம்புக்குறிகள் அதற்காகவே. கால்வட்டம் விலகிப் பூட்டினாலோ, ஒன்றன் குறையோடு மற்றொன்றன் குறையும் சேர்ந்து இருமடங்காகிவிடும்.

நண்பர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். ஜீப்பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் நகர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் செல்லும். சக்கரம் நொடிக்கு 5 முறை சுழலும். ஷாஃப்ட் சக்கரத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாகச் சுழல்வதால் நொடிக்கு 25 சுற்று. மூட்டின் குறை சுற்றுக்கு இருமுறை நிகழ்வதால் நொடிக்கு 50 அதிர்வு. சக்கரத்தின் குறை என்றால் எண்ணிவிடத்தக்க குலுக்கலாகத் தோன்றும். மூட்டின் குறை என்றால் எண்ணவியலாத ரீங்காரமாகத் தோன்றும். மைத்துனர் தொடக்கத்திலேயே 'ரீங்காரம்' என்றுதான் சொன்னார். அச்சொல்லைப் பட்டறையில் எவரும் காதிற்கொள்ளவில்லை.

முதியவர் அம்புக்குறிகளை நேர்ப்படுத்தினார். ஒரு மூட்டின் மூடியைச் சுற்றிச் செந்நிறத் துரும்பொடி படிந்திருப்பதைக் கண்டு, உள்ளே ஊசி பேரிங்குகள் கிரீசின்றி உலர்ந்துவிட்டன என்று அதனை மட்டும் மாற்றினார். தவறாகப் பூட்டிய ஷாஃப்டோடு ஓடிய நாள்களில் அது மேலும் நைந்திருக்கலாம். "இது மலையில அறுந்திருந்தா என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே விளக்கினார். ஓட்டத்தில் முன்மூட்டு முறிந்தால் ஷாஃப்டின் முனை சாலையில் குத்தி வண்டியையே தூக்கியெறியக்கூடும். கைப்பிரேக் இந்த ஷாஃப்டையே பிடித்து நிறுத்தும்வண்ணம் அமைந்த பழைய ஜீப்புகளில், ஷாஃப்ட் முறிந்தால் கைப்பிரேக்கும் பயனற்றுப்போகும். தூக்குவாளியோடு விடியலில் ஏறும் அப்பெண்களின் முகங்கள் என் மனத்தில் தோன்றி மறைந்தன.

ஓசைகளின் அகராதி

அன்று மாலை அவரிடம் கேட்டறிந்தவற்றுள் சிலவற்றைப் பழைய வண்டி வைத்திருப்போர்க்குப் பயன்படுமெனக் கருதித் தொகுத்துரைக்கிறேன்.

புறப்படும்போதும், ஆக்சிலேட்டரை விட்டு மீண்டும் அழுத்தும்போதும் 'டக்'கென்று ஓர் அடி கேட்டால், மூட்டிலோ பல்வரிசையிலோ தேய்மானம் உண்டு. மெதுவாகச் செல்லும்போது குருவி கத்துவதுபோன்ற ஒலி, கிரீசின்றி உலர்ந்த மூட்டின் ஒலி. வேகத்தோடு கூடும் உறுமல், வளைவில் ஒருபக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால், சக்கர பேரிங்கை ஐயுற வேண்டும். வண்டி வலப்புறம் திரும்பினால் பளு இடப்புறச் சக்கரத்தில் ஏறும் என்பதை நினைவிற்கொண்டால் எப்பக்கம் என்பதும் விளங்கும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் ஊளையிட்டால், பின் அச்சிலுள்ள கிரவுன் பினியனைப் பார்க்க வேண்டும்.

நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் இரைச்சல், கிளட்சை மிதித்தால் மறையுமாயின் அது கியர் பெட்டியின் முன் பேரிங். மிதித்தால்தான் தோன்றுமாயின் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஸ்டீயரிங் ஆடினால் முதலில் சக்கரத்தின் உட்புறம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசின்றித் தீரும் நோய் அது. அதன்பின் பேலன்சிங், அதன்பின் கிங்பின், டை ராடு முனைகள். மெதுவாகச் செல்லும்போதே சக்கரப் பக்கத்தில் தட்டும் ஓசை கேட்டால், எவ்வளவு அவசரமாயினும் வண்டியை நிறுத்திச் சக்கர நட்டுகளைச் சோதிக்க வேண்டும்.

ஓசையின் இடம் தெரியவில்லையெனில் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எந்திரப் பகுதியில் வைத்துக் கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது பட்டறையின் பழைய வழக்கம். சுழலும் விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் ஆடையையும் கையையும் விலக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் விதி. இன்று அதிர்வை அளந்து நொடிக்கு எத்தனை என்று காட்டும் செயலிகள் கைப்பேசியிலேயே வந்துவிட்டன. அவை நன்மையே. ஆயினும் கைப்பேசி எண்ணைத்தான் காட்டும். எப்போது தொடங்கியது, எதனோடு கூடுகிறது, எதனோடு குறைகிறது என்று வினவும் பொறுப்பு மனிதனுடையதே.

எல்லாவற்றிற்கும் மேலாக அவர் கூறிய விதி இது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றியபின் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றி நோய் தீர்ந்தாலும், எதனால் தீர்ந்தது என்பது எவருக்கும் தெரியாது.

தீர்ந்தது எது?

முதியவர் வாங்கிய கூலி 200 ரூபாய். மூட்டின் விலை தனி. 40 ஆயிரம் ரூபாய்ச் செலவும், இன்ஜினை வீணே பிரிக்கும் துன்பமும் நீங்கின. ஆனால் அன்று மீண்டவற்றுள் பணம் சிறியதே.

அன்று மாலையே மைத்துனர் அப்பெரியவர் இல்லத்திற்குச் சென்றார், நானும் உடனிருந்தேன். "மாமா, உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்" என்று அவர் கையைப் பற்றிக்கொண்டார். பெரியவர் சிறிதுநேரம் எதுவும் பேசவில்லை. பின்னர், "வண்டி இப்ப நல்லா ஓடுதா?" என்று மட்டும் கேட்டார். ஓடுகிறது என்றதும், "அப்ப சரி. நாளைக்கு மேட்டுக்குப் போறப்ப என்னையும் ஏத்திக்கிட்டுப் போ. தோட்டத்தைப் பார்த்து மூணு மாசமாச்சு" என்றார். ஜமாஅத்திற்குச் செல்லவிருந்த வழக்கு ஜீப்பின் முன்னிருக்கையில் தீர்ந்தது.

மற்றுமொன்றும் குறிப்பிடத்தக்கது. ஷாஃப்டைத் தவறாகப் பூட்டிய இளைஞனை முதியவர் ஏசவில்லை. பட்டறையைப் பற்றி ஊரெங்கும் பேசவும் இல்லை. "அந்தப் பையனை ஒருநாள் அனுப்பி வைங்க. அம்புக்குறியைக் காட்டித் தர்றேன். சேறு மூடியிருந்தா யாருக்குத்தான் தெரியும்?" என்றார். அவ்விளைஞன் சென்றான் என்றும், பின்னர் எந்த ஷாஃப்டைக் கழற்றினாலும் முதலில் துடைத்துக் குறியிட்டுக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டான் என்றும் அறிந்தேன். குற்றத்தைக் கண்டுபிடிப்பது ஓர் அறிவு. குற்றம் புரிந்தவனுக்குக் கற்பிப்பது அதனினும் மேலான அறிவு. ஆசிரியப் பணியில் இருப்போர் இதனை உள்ளத்தில் பதித்துக்கொள்ளுதல் நலம்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் நாளை மருத்துவராகலாம்; வழக்கறிஞராகலாம்; அதிகாரியாகலாம்; குடும்பத்தலைவராகவோ தலைவியாகவோ பலர்தம் வழக்கைக் கேட்பவராகலாம். உங்கள்முன் ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும். அருகிலிருப்பவர் உடனே ஒருவரைச் சுட்டிக்காட்டுவர். அப்போது வினவுங்கள்: எப்போது தொடங்கியது? எதனோடு கூடுகிறது? எதனோடு குறைகிறது? எதனை நீக்கினால் நிற்கிறது? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கிடைக்குமுன் எப்பொருளையும் மாற்றாதீர், எம்மனிதரையும் பழிக்காதீர். குறை பெரும்பாலும் நாம் நினைக்கும் இடத்தில் இருப்பதில்லை. சேறு மூடிய ஓர் அம்புக்குறியின் கீழ் அது அமைதியாகக் காத்திருக்கக்கூடும். துடைத்துப் பார்க்கும் பொறுமை நம் அனைவர்க்கும் வாய்ப்பதாக!